எழுதாத நாடகத்துக்கு யார் சம்பளம் தருவார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. கடையைத் திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, கதிரையில் அமர்ந்திருக்கிறேன். இன்னும் போணி ஆகவில்லை.

ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். கையில் பெரிய துணிப்பை. நேராக என் மேசைக்கு வந்து பையைக் கவிழ்த்தாள்.

பொன்னாடைகள்!

மஞ்சள், சிவப்பு, பச்சை... ஒவ்வொன்றும் மடிப்புக் கலையாமல். சிலவற்றில் விலைச் சீட்டைக் கிழித்த பசைகூடப் போகவில்லை.

"ஐயா, இதெல்லாம் உங்க கடைச் சரக்குதான். திருப்பி எடுத்துக்குவீங்களா?"

கடையில் துணி விரித்துக் காட்டும் மாலதிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, இன்னும் போணியே ஆகல. காலங்காத்தால திருப்பிக் குடுக்க வந்து நிக்கிறீங்க? கொஞ்சமாச்சும் யோசிக்க வேணாமா?"

"யோசிச்சேன்க்கா. மத்தியானம் வந்தா கூட்டமா இருக்கும். நாலு பேர் முன்னுக்கு இதைக் கொட்ட வெக்கமா இருந்துச்சு."

மாலதியைக் கையமர்த்தினேன். வெட்கத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் வெளியே அனுப்புவதில்லை.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். துணி மூட்டையைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவன். இன்றைக்குக் கண்டி நகரத்தின் நடுவில் மூன்று மாடி. யார் தூக்கிவிட்டார்? ஒருத்தரும் இல்லை! இந்த மலைநாட்டில் எந்த விழாவில் யார் தோளில் பொன்னாடை விழுந்தாலும், அது பெரும்பாலும் என் கடையிலிருந்து போனதாகத்தான் இருக்கும். மந்திரிமார் தோளிலேயே விழுந்திருக்கிறது.

ஆனால் போனது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"யாருக்கும்மா போட்டது இதெல்லாம்?"

"எனக்குத்தாங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அப்ப நீ பெரிய ஆளு!"

"பெரிய ஆளா இருந்தா இதை ஏன் ஐயா விக்க வர்றேன்?"

பதில் டக்கென்று வந்தது. எனக்கு அப்படிப் பேசுகிறவர்களைப் பிடிக்கும். ஒரு டீ சொன்னேன்.

பெயர் கௌசல்யா. ஊர் தெல்தெனிய. கணவன் த்ரீவீலர் ஓட்டுகிறான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன் கொழும்பில் வேலை பார்த்தபோது ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். சாதாரண நாடகம் இல்லை. 'இம்ப்ரொவ்' என்று பெயராம். கதை கிடையாது, வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. சபையில் இருக்கிறவர்கள் ஒரு சொல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, அப்போதே நடிக்க வேண்டும். அந்தக் குழு அதை இங்கிலீஷில் செய்ததாம். இவள் தமிழில் செய்கிறாள். தனியாக.

நான் சிரித்துவிட்டேன். "அதைத்தானே நான் காலம் பூராவும் செய்றேன்? ஒரு துண்டுக் கடதாசி இல்லாம ஒரு மணி நேரம் பேசுவேன்."

"பேசினா உங்களுக்குக் காசு குடுப்பாங்களா ஐயா?"

"எனக்கு எதுக்கும்மா காசு?"

"எனக்கு வேணுங்க."

அவ்வளவுதான் விஷயம். எனக்கு எதுக்கு, அவளுக்கு வேணும். இந்த வித்தியாசத்தை நாம் யோசித்திருக்கிறோமா?

வேலை தேடிப் போன கதையைச் சொன்னாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "இது ஓ.எல். பரீட்சைக்கு வருமா மிஸ்?" என்று கேட்டதோடு முடிந்தது. ஒரு சுற்றுலா ஹோட்டலில் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நெருப்பு விளையாட்டுத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். டெங்கு விழிப்புணர்வுக்கு நாடகம் போட ஆள் தேடிய ஓர் அலுவலகம்தான் எல்லாவற்றையும் விட மேல்.

"ஸ்கிரிப்டை மூணு மொழியிலயும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னாங்க ஐயா. ஸ்கிரிப்ட் கிடையாது, அங்கதான் உண்டாக்குவேன்னு சொன்னேன். சரி, அங்க உண்டாக்கப் போறதை மட்டும் எழுதி அனுப்புங்கன்னாங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மிச்சமெல்லாம் பொன்னாடைதான். கோயில் விழா, வாசிகசாலை விழா, ஓய்வு பெறும் பள்ளிக்கூட அதிபர் விழா... எல்லா இடத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள், போர்த்தியிருக்கிறார்கள். சம்பளம் என்று வாயைத் திறந்தால், "உங்களைக் கௌரவிக்கிறோமேம்மா!" என்று முகம் சுருங்கியிருக்கிறது.

"இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

டீயைக் கீழே வைத்தாள். "எங்க அக்கா குவைத்ல இருக்காங்க. எனக்கு ஒரு வீடு பார்த்து வச்சிருக்காங்க, வீட்டு வேலைக்கு. எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள மாசா மாசம் வர்ற மாதிரி ஒரு வேலை கிடைச்சா இரு, இல்லாட்டிப் போன்னு. அவரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. பழைய த்ரீவீலர். எத்தனை நாளைக்கு ஓடும்?"

"மக?"

"அதான்ங்க."

பொன்னாடைகளை எடுத்துக்கொண்டேன். விற்ற விலைக்கே. துணி வியாபாரத்தில் இதைச் செய்கிற இன்னொரு முதலாளியைக் காட்டுங்கள் பார்ப்போம்! மாலதி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதோடு விட்டேனா? இந்த ஊரில் எனக்குத் தெரியாத ஆள் யார்? எங்கள் வர்த்தகர் சங்கத்து ஆண்டு விழா வந்தது. ஒரு போன். மேடையில் அவளுக்கு அரைமணி நேரம். பெரிய பெரிய முதலாளிமார் வருவார்கள், பார்த்தால் யாராவது வேலை கொடுக்க மாட்டார்களா என்பது என் கணக்கு.

விழா அன்று மேடைக்கு வந்தாள். சாதாரண பருத்திச் சேலை. கும்பிட்டாள். "எனக்கு உங்ககிட்ட இருந்து ஒரே ஒரு சொல் வேணும். யாராவது குடுங்க" என்றாள்.

நம் சபைகள் உங்களுக்குத் தெரியும்தானே? மைக்கைக் கையில் கொடுத்து ஒரு சொல் கேட்டால் ஒரு சொல்லா வரும்?

தலைவர் எழும்பினார். "இந்த இனிய மாலைப் பொழுதிலே..." என்று தொடங்கி, சங்கத்தின் வரலாறு முழுவதையும் சொல்லி, கடைசியில் "ஒற்றுமை" என்றார். செயலாளருக்குப் பொறுக்குமா? அவர் எழும்பித் தலைவரைப் பாராட்டி, தலைவரின் மனைவியைப் பாராட்டி, "வளர்ச்சி" என்றார். பிறகு பொருளாளர். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நான் மட்டும் விட்டுக்கொடுப்பேனா? நானும் பேசினேன். நன்றாகவே பேசினேன். "உழைப்பு" என்று முடித்தபோது நல்ல கைதட்டல்.

திரும்பிப் பார்த்தால் அரைமணி நேரத்தில் முக்கால்வாசி போய்விட்டது. கௌசல்யா மேடையில் அப்படியே நிற்கிறாள்.

அக்குறணையிலிருந்து வந்திருந்த ஹாஜியார் ஒருவர்தான் பின்வரிசையில் இருந்து சத்தம் போட்டார். "என்னத்துக்கு இவ்வளவு பேச்சு? அந்தப் புள்ள ஒரு சொல்லுத்தானே கேட்டுச்சு? செருப்பு எண்டு வச்சுக்கங்க மகள்!"

சபையே சிரித்தது. அவள் தொடங்கினாள்.

கோயிலுக்கு வந்த ஓர் ஆள். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணவில்லை. தேடுகிறார், திட்டுகிறார், சாமியையும் சேர்த்துத் திட்டுகிறார். அங்கே ஒரு நல்ல சோடி கிடக்கிறது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் காலை நுழைக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

அப்போது ஒரு பெண் வருகிறாள். அவளும் இவளேதான். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், ஆள் மாறிவிட்டது. "அண்ணே, அது எங்க வீட்டுக்காரர் செருப்பு. கழட்டிடுங்க."

"அவரை வந்து கேக்கச் சொல்லு."

"அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சுண்ணே. நான் கோயிலுக்கு வரும்போது அவர் செருப்பையும் கொண்டாந்து வெளிய வச்சிட்டு உள்ள போவேன். உள்ளதான் எங்கேயோ நின்னு கும்பிட்டுக்கிட்டு இருக்காருன்னு நினைச்சுக்குவேன். வீட்டுக்குப் போகும்போது மறுபடி எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

அந்த ஆள் குனிந்து செருப்பைக் கழற்றினார். இருந்த மாதிரியே சோடி சேர்த்து வைத்தார். வெறுங்காலோடு நடந்து போனார்.

பிறகு கைதட்டல்... அப்படி ஒரு கைதட்டல். ஹாஜியார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். 'செருப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் இதெல்லாம் இருந்ததா? யாரும் எழுதிக் கொடுக்காமல் எங்கிருந்து வந்தது?

சரி, பிறகு என்ன நடந்தது? தலைவரின் மனைவி மேடைக்கு வந்து பொன்னாடை போர்த்தினார். "கலைக்கு விலை போட முடியுமா?" என்றார் தலைவர் மைக்கில். பொன்னாடை என் கடைச் சரக்கு, சொல்லவே வேண்டியதில்லை.

செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டேன். "தம்பி, அந்தப் பிள்ளைக்குக் கையில ஏதாவது குடுக்கணும்."

"என்ன அண்ணே நீங்க? நீங்க சொன்னதாலதானே மேடை குடுத்தோம்? இவ்வளவு பெரிய ஆட்கள் முன்னுக்கு நடிக்கக் கிடைச்சதே அவங்களுக்கு லாபம்தானே?"

கதிரை வாடகைக்காரனுக்குக் காசு. ஒலிபெருக்கிக்காரனுக்குக் காசு. ஃப்ரைட் ரைஸ் பார்சல்காரனுக்கு முன்பணம். அவனிடம் போய் "சோற்றுக்கு விலை போட முடியுமா?" என்று யாராவது கேட்டார்களா? மேடையில் நின்றவளுக்கு மட்டும் விலை போட முடியாதாம். நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது — இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் மரியாதை செய்துவிடுவோம். மரியாதை செய்யப்பட்டவர் அதற்கு மேல் வாயைத் திறந்து கேட்க முடியாது அல்லவா?

முதலாளிமார் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. ஆனால் நான் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஓர் இடம் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. அங்கே ஏப்ரன் என் கடையிலிருந்துதான் போகிறது. அந்த மேனேஜர் ஒருநாள் கடைக்கு வந்தபோது குறைப்பட்டார். வாஷிங் மெஷின் காட்டுகிறார்களாம், அரபுச் சொல் நாலைந்து சொல்லிக் கொடுக்கிறார்களாம், எல்லாம் சரி. ஆனால் வீட்டு எஜமானி முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று வீடியோ போட்டால் அத்தனை பேரும் தூங்கி விழுகிறார்களாம்.

"உயிரோட ஒரு மேடம் இருந்தா நல்லா இருக்கும் அண்ணே. எதிர்ல நின்னு கத்தணும், மிரட்டணும்."

"ஒருத்தி இருக்கா" என்றேன்.

கௌசல்யாவுக்குப் போன் போட்டேன்.

"நாடகமா ஐயா?"

"நாடகம்தான். வசனம் கிடையாது. மாசச் சம்பளம் உண்டு."

"சம்பளம் குடுக்கிறவங்ககிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துடுங்க ஐயா. பொன்னாடை இல்லையே?"

சேர்ந்துவிட்டாள். முதல் மாதச் சம்பளத்தில் மகளுக்குக் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியதாகச் சொன்னாள். குவைத் அக்காவுக்கு, "வேற ஆளைப் பாருங்க" என்று செய்தி போட்டுவிட்டாளாம். கேட்கவே எனக்குப் பெருமையாக இருந்தது. யார் பார்த்துக் கொடுத்த வேலை?

ஒருநாள் ஏப்ரன் மூட்டையோடு நானே போய்ப் பார்த்தேன். வகுப்புக்குள் பொய்ச் சமையலறை ஒன்று. காஸ் அடுப்பு, அயன் மேசை எல்லாம் உண்டு. எங்கள் ஹந்தானையைச் சேர்ந்த புஷ்பம் என்ற பெண் கையில் டீக் கோப்பையோடு நிற்கிறாள். கௌசல்யா தலையில் ஒரு துணியைச் சுற்றினாள். அவ்வளவுதான், வேறு ஆள்!

"ஏய்! டீ எங்க? எத்தனை தடவை கூப்பிடுறது? யல்லா, யல்லா!"

புஷ்பம் பயந்து கோப்பையைப் போட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கௌசல்யா துணியை அவிழ்த்துப் புஷ்பத்தின் தலையில் சுற்றினாள். "இப்ப நீங்க மேடம். நான் வேலைக்காரி. வாயில வந்ததைப் பேசுங்க."

புஷ்பம் நெளிந்தாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள்! வந்தது அரபு நாட்டு மேடம் இல்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை! அதே உறுமல், அதே இடுப்பில் கை. "போன் எங்கிட்டத்தான் இருக்கும்! பாஸ்போர்ட் எங்கிட்டத்தான் இருக்கும்! வாயத் தொறந்தே, பேரு வெட்டிப்புடுவேன்!" பேர் வெட்டினால் தோட்டத்தில் அன்றையக் கூலி போச்சு.

கௌசல்யா சத்தம் போடவில்லை. "மேடம், நான் வேலை செய்ய வந்திருக்கேன். டீ போடுறேன், துணி தோய்க்கிறேன். போன் என்னோடது. ராத்திரிக்கு எம் மக பேசுவா. குடுங்க."

ஒருத்தி மெல்லக் கேட்டாள். "இப்படிப் பேசலாமா மிஸ்?"

"இங்க பேசிப் பழகுங்க. அப்பத்தான் அங்க வாய் வரும்."

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. நான் துண்டுக் கடதாசி இல்லாமல் பேசுவது வேறு. இது வேறு. நான் பேசினால் எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பார். இவள் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் பேச்சு வருகிறது.

வந்த பேச்சு நிற்குமா? இரண்டாம் மாதம் மேனேஜரிடமிருந்து போன்.

"அண்ணே, உங்க ஆளு நல்லா நடிக்கிறாங்க. அதுதான் பிரச்சினை."

"என்ன தம்பி?"

"புஷ்பம்னு ஒருத்தி என் மேசைக்கு வந்து, ஒப்பந்தத்தைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்கன்றா. லீவு நாள் எங்க எழுதியிருக்குன்னு கேக்குறா. அவளுக்குப் பின்னால இன்னும் நாலு பேர். இத்தனை வருஷமா நடத்துறேன், ஒருத்தியும் இப்படிக் கேட்டதில்ல."

"நல்ல கேள்விதானே?"

"நல்ல கேள்விதான் அண்ணே. பதில் இருக்கணுமே! நான் எழுதிக் குடுக்கிறதை மட்டும் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. 'சரி மேடம்', 'மன்னிச்சுக்கங்க மேடம்', 'இப்பவே செய்றேன் மேடம்' — இது போதும்."

நான் வியாபாரி. அனுசரித்துப் போகத் தெரியாதவன் மூட்டையோடுதான் நிற்க வேண்டும் என்பது என் அனுபவம். கௌசல்யாவைக் கூப்பிட்டு அதையே சொன்னேன். "வேலை முக்கியம்மா. அவர் எழுதினதைப் பேசிட்டுப் போ."

அடுத்த வாரம் அவளே கடைக்கு வந்தாள். வேலை போய்விட்டது.

"எழுதினதைத்தான் பேசினேன் ஐயா. நீங்க சொன்ன மாதிரியே. ஆனா எதிர்ல நின்ன பொண்ணு அழ ஆரம்பிச்சிட்டா. அவர் எழுதினதுல அழுகைக்குப் பதில் இல்ல. நான் என்ன செய்ய? பதில் சொல்லிட்டேன்."

ஒரு டீ சொன்னேன்.

"நம்ம கடைக்கு வா. சேலை விரிச்சுக் காட்டலாம்" என்றேன். வேறு யாராக இருந்தாலும் உடனே சரி என்றிருப்பார்கள்.

"சந்தோஷம் ஐயா. ஆனா அந்தச் சம்பளத்தைக் காட்டி எங்க வீட்டுக்காரரைச் சமாளிக்க முடியாதுங்க."

கோபம் வரவில்லை. கடைச் சம்பளத்தில் ஒரு வீடு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான்தானே கொடுக்கிறேன்.

பிறகு அங்கே இங்கே கேட்டுப் பார்த்திருக்கிறாள். புது வருஷம் பிறந்து பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது.

போன வாரம் ஏப்ரன் கொடுக்க அந்த இடத்துக்குப் போனேன். வகுப்பில் புது டீச்சர் ஒருத்தி கடதாசியைப் பார்த்து மேடமாகக் கத்துகிறாள். கடதாசியைப் புரட்டும்போது கத்தல் நின்றுவிடுகிறது. பெண்கள் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு நடுவில், ஏப்ரன் கட்டிக்கொண்டு, கௌசல்யா!

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இந்த வகுப்பில் உட்கார வேண்டும். சொல்லிக் கொடுத்தவள் என்று யாருக்கும் விலக்குக் கிடையாதாம்.

மேனேஜர் தலையை நீட்டினார். "இப்படி இருந்தா எல்லாரும் தூங்குவாங்க. கௌசல்யா, நீங்க ஒருக்கா மேடமா செஞ்சு காட்டுங்களேன்."

எழும்பினாள். தலையில் துணியைச் சுற்றினாள்.

"ஏய்! டீ எங்க?"

அதே குரல். கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்தார்கள். எதிரில் நின்றவள் சின்னப் பெண், புதிதாக வந்தவள். கண் நிறைந்துவிட்டது. கௌசல்யா கதவடியில் நின்ற மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

குரலைத் தாழ்த்தினாள்.

"'சரி மேடம்'னு சொல்லு தங்கச்சி."

"சரி மேடம்" என்றது அந்தப் பிள்ளை.

வகுப்பு கைதட்டியது. மேனேஜரும் தட்டினார். நான் அவரைத் தனியாக இழுத்தேன். "தம்பி, இன்னைக்கு நடிச்சதுக்காவது கையில ஏதாவது குடுங்க."

"என்னண்ணே பேசுறீங்க? அவங்க இப்ப ஸ்டூடண்ட். பயிற்சிக் கட்டணம் அவங்கதான் கட்டியிருக்காங்க."

எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். நடிப்பதற்குத் தானே காசு கட்டிய ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.